முதலாம் நம்பர் பூட்டு

அசனார் விற்பது ஆண்கள் இடுப்பில் உடுக்கும் சாரன். ஆனால் அவருக்குப் பிடித்தது பூட்டு. காத்தான்குடிப் பிரதான வீதியில் உள்ள கடையில் இரண்டும் இருந்தன. சாரன்கள் கண்ணாடி அலுமாரியில் மடித்து அடுக்கியிருக்கும். கேட்டால் விலை சொல்வார், முகத்தைச் சுளித்தால் குறைப்பார். பூட்டுகள் அவர் கதிரைக்குப் பின்னால் பலகையில் அடித்த ஆணிகளில் தொங்கும். அவற்றுக்கு விலையே கிடையாது. “அது விக்கிறதுக்கில்ல. தொட்டுப் பாருங்க, காதுக்குக் கிட்ட வெச்சுத் திறந்து பாருங்க” என்பார்.

எங்கள் ஊரில் ஒரு பொருளை விற்பதற்கில்லை என்று சொன்னால் விலையை ஏற்றுகிறார் என்றுதான் அர்த்தம். அசனாரையும் ஆரம்பத்தில் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். கேட்டார்கள், ஏற்றிக் கேட்டார்கள், போவதுபோலப் போய்த் திரும்பி வந்தும் கேட்டார்கள். மனிதர் உண்மையாகவே விற்கமாட்டார் என்று தெரிந்தபோது சிலர் கொஞ்சம் பயந்தே போனார்கள். விலையில்லாத பொருளை வைத்திருப்பவனை எந்த வியாபாரிதான் நம்புவான்?

வீடு கட்டுகிறவர்கள், கடைக்கு ஷட்டர் போடுகிறவர்கள் எல்லாரும் பூட்டு வாங்குமுன் அவரிடம் ஒருதரம் வந்து போவார்கள். அவருக்கென்று ஒரு வரிசை இருந்தது. எழுதி வைத்ததில்லை, எழுதாமலே ஊருக்குத் தெரியும்.

“முதலாம் நம்பர், ஆறு லீவர் பித்தள ஆமப்பூட்டு. திறப்பப் போட்டுத் திருப்பக்குள்ள வயித்துக்குள்ள ஆறு பேர் எழும்பி நிண்டு வழி விடுவாங்க. ஒருத்தன் எழும்பாட்டியும் திறக்காது. ரெண்டாம் நம்பர் ஷட்டருக்குப் போடுற வட்டப் பூட்டு. அழகில்ல, ஆனா கம்பி வெட்டுறவனுக்கு வாய் வைக்க இடம் குடுக்காது. மூணாவது கதவுக்குள்ளயே பொதிஞ்சு இரிக்கிற பழைய காலத்து நீட்டுத் திறப்புப் பூட்டு. கள்ளன் திறந்திருவான், எண்டாலும் வீட்டுக்கு ஒரு கெம்பீரம். நாலாவது இரும்புக் கடையில விக்கிற சாதாரணப் பூட்டு. சைக்கிள் கம்பிக்கே திறக்கும்.”

“நம்பர் பூட்டு காக்கா?” என்று யாராவது அண்ணன் முறை வைத்துக் கேட்பார்கள்.

“அது பூட்டில்ல, சோதின. நம்பர் மறந்தா பெயில்.”

“வெளிநாட்டுப் பேக்குக்குப் போடுவாங்களே, சின்னன்?”

“அது பூட்டுக்குச் சலாம் சொன்ன மாதிரி. அவ்வளவுதான்.”

“இப்ப விரல் வைக்கிற பூட்டு வந்திரிக்கே?”

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல நிமிர்ந்து உட்காருவார். “அதுதான் கடைசி. என்ட விரலுக்குத்தான் திறக்கும் எண்டா, நான் மௌத்தானா மையித்து எடுத்து அடக்க வாறவங்க என்ன செய்ற?”

பூட்டுக்கு அவர் பார்ப்பது நான்கு காரியம்: திறக்கும் சத்தம், திறப்பின், அதாவது சாவியின், பாரம், சொந்தக்காரனைச் சோதிக்காத குணம், உப்புக் காற்றைத் தாங்கும் உடம்பு. நான்காவதில்தான் எங்கள் ஊரில் பெரும்பாலான பூட்டுகள் தோற்றுப்போகும். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒரு நாடாவைப் போட்டதுபோல ஊர். இரும்பு ஆறு மாதத்தில் சிவக்கும். பித்தளை கொஞ்சம் பொறுத்துப் பச்சை பூக்கும்.

அவரிடம் இருந்த முதலாம் நம்பர், ஓட்டமாவடியில் மூடிப்போன ஒரு நெல் ஆலையின் களஞ்சியப் பூட்டு. இரண்டு திறப்புகளோடு வந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் போகுமுன் அதைப் பழைய சாரன் துண்டால் துடைப்பார். அவர் மனைவி ஜெமீலா சொல்வார்: “என்னயும் ஒருநாள் இப்பிடித் துடச்சு வெச்சா நானும் பளபளப்பாத்தான் இரிப்பன்.”

அவர்களுக்கு ஒரே மகள் றுமானா. வீட்டிலிருந்தே அபாயா தைத்துக் கொடுக்கிறவள். போனில் படம் அனுப்பி ஓடர் எடுப்பாள். கழுத்தில் நூல் பூ வேலை செய்வதில் கை நேர்த்தி. அவளுக்கு ஏறாவூரில் இருந்து மாப்பிள்ளை சரிவந்தது. பெயர் றிஷாட். வந்தாறுமூலைக் கம்பஸில் ஆய்வுகூடத்தில் வேலை. இருவரும் பேசிப் பிடித்து, பிறகு பெரியவர்கள் பேசிப் பிடித்தது.

எங்கள் பக்கத்தில் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருகிறவர். மகளுக்கு வீடு கொடுக்கவேண்டியது பெற்றவர் கடமை. இப்போதெல்லாம் சீதனம் கேட்பது மார்க்கத்துக்கு முரண் என்று மாப்பிள்ளை வீட்டார் வந்த உடனேயே சொல்லிவிடுவார்கள். “எங்களுக்கு ஒண்டும் வேணாம்” என்பார்கள். சொல்லிவிட்டு, “புள்ள எந்த வீட்டுல இரிக்கப்போகுது எண்டு சும்மா ஒருக்காப் பாத்துட்டுப் போறம்” என்பார்கள்.

அசனாருக்குப் புதிதாக வீடு கட்ட நிலம் இல்லை. தாங்கள் இருந்த வீட்டையே ஜெமீலாவோடு சேர்ந்து மகளுக்கு எழுதினார். அதன் முதுகில் ஒட்டி, பின் வளவில் இரண்டு அறையும் ஒரு குசினியும் கட்டித் தானும் ஜெமீலாவும் அங்கே மாறினார்கள். இரண்டு பக்கத்து மதிலும் வீட்டுச் சுவரோடு ஒட்டியிருந்தன. பூனை போவதென்றாலும் மேலால்தான் போகவேண்டும். பின்னால் வேறொருவரின் மாடி வீடு. ஆகவே பின் அறைகளில் இருந்து தெருவுக்கு வர ஒரே வழி, நடுவில் புதிதாக வைத்த ஒரு கதவைத் திறந்து, மகளின் வீட்டு ஹோலுக்குள்ளால் நடந்து, முன் கேற்றால் வெளியேறுவது.

அந்தக் கதவைச் செய்தவர் கல்லடியில் இருந்து வந்த றோய். நல்ல தச்சர். வாயைத் திறந்தால் மூடமாட்டார் என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

“காக்கா, கதவு சரி. பூட்டு மாட்டுற கொண்டி எங்கால அடிக்கிற? வீட்டுப் பக்கமா, இந்தப் பக்கமா?”

அசனார் முதலாம் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தக் கதவுக்கு அதைத்தான் போடுவதென்று முடிவு செய்திருந்தார். மகள் வீட்டுக்குப் போகும் கதவு. அதற்குக் குறைந்த பூட்டைப் போட அவருக்கு மனம் வரவில்லை. முன் வீட்டு ஹோலில் நின்று காற்றை முகர்ந்து பார்த்தார். கடல் காற்று கேற்றால் வந்து ஹோலைக் கடந்து கதவில் மோதியது. பின் பக்கம் போய் நின்றார். காற்றே இல்லை, ஜெமீலா பொரித்த இறாலின் வாசம்தான்.

“இந்தப் பக்கம் அடி. இஞ்ச உப்பு அண்டாது.”

“வடிவா யோசிச்சீங்களா காக்கா?”

“பித்தளையப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தரப்போறியா?”

“எனக்கென்ன,” என்று றோய் பின் பக்கத்தில் கொண்டியை அடித்தார். முன் பக்கத்தில் ஒரு கைப்பிடி மட்டும்.

நிக்காஹ்வுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது மாப்பிள்ளையின் தாய் நிஸ்மியா, அறைக்குத் திரைச்சீலை அளக்க வந்தார். கணவன் இல்லாதவர், ஏறாவூரில் தறி வைத்து நான்கு பெண்களுக்கு வேலை கொடுத்து நடத்துகிறவர். துணியை விரலால் தடவினாலே நூலின் பிறப்பு வளர்ப்பைச் சொல்வார் என்று பெயர். வீட்டையும் அப்படித்தான் தடவிக்கொண்டு வந்தார். யன்னல் அளந்தார். அலுமாரியைத் திறந்து மூடினார். நடுக் கதவுக்கு வந்து கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினார். கதவு அசையவில்லை.

“இது எங்க போற கதவு மகள்?”

“உம்மாவங்கட பக்கம் மாமி. இருங்க.” றுமானா கதவைத் தட்டினாள். “உம்மா! திறங்க! மாமி வந்திரிக்காங்க!”

உள்ளே திறப்பு திரும்பியது. ஆறு பேரும் எழும்பி வழிவிடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. ஜெமீலா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். நிஸ்மியா கொண்டியைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், கதவின் வெறும் பக்கத்தைப் பார்த்தார். வட்டிலப்பம் சாப்பிட்டார். “ஏலம் கொஞ்சம் கூட, எண்டாலும் நல்லம்” என்றார். பிளேன்ரீ குடித்தார். போய்விட்டார்.

அடுத்த நாள் ஜெமீலாவின் போன் அடித்தது. பேசியது நிஸ்மியா, அக்கா முறை வைத்து.

“ராத்தா, நிக்காஹ்வக் கொஞ்சம் பிந்திப் போடுவமா எண்டு பாத்தன். மகனுக்குக் கம்பஸ்ல வேல கூடவாம்.”

“எவ்வளவு பிந்தி ராத்தா?”

“பாப்பம். அவசரமில்லத்தானே?”

மண்டபம் பேசியாயிற்று. சொந்தக்காரர் நிந்தவூர் வரைக்கும் அறிவித்தாயிற்று. இந்த நேரத்தில் ‘பாப்பம்’ என்பதற்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்தவர் திருப்பி அலுமாரியிலேயே வைத்துவிட்டார்.

அன்றைக்கு மத்தியானம் அசனார் சாப்பிட வந்தபோது சோறு இருந்தது, நண்டுக் கறி இருந்தது, பேச்சு இல்லை. றுமானா மெஷினுக்கு முன்னால் இருந்தாள், மெஷின் ஓடவில்லை.

“என்னவாம்? கம்பஸ்ல அப்பிடி என்ன வேல?” என்றார் அசனார்.

“வேலயெல்லாம் இல்ல வாப்பா. நான் அவர்ட்ட கேட்டன். மாமிக்கு அந்தக் கதவு பிடிக்கல்லயாம்.”

“கதவா? முதிர மரம்! றோய் செஞ்சது!”

“மரமில்ல. பூட்டு. உங்கட பக்கம் பூட்டு இரிக்கு, எங்கட பக்கம் ஒண்டுமில்ல எண்டு.”

அசனார் நண்டின் காலைக் கையில் வைத்தபடி நிமிர்ந்தார். “அது உப்புக் காத்துக்குப் போட்டது.”

ஜெமீலாவுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. “இதப் போய் ஏறாவூர்ல சொல்லுங்க. கலியாணம் நாளைக்கே நடக்கும்.”

“உண்மையத்தான் சொல்றன்.”

“உண்மைதான். உங்களோட இவ்வளவு காலம் இருந்த எனக்கே அத நம்பக் கஷ்டமா இரிக்கு, அவங்க எப்பிடி நம்புவாங்க? மகள்ட வீடு எண்டு எழுதிக் குடுத்தீங்க. மறுகா அதுக்குள்ள நினச்ச நேரம் போற வழிய உங்கட கையில வெச்சிட்டீங்க. புள்ள வரணுமெண்டா தட்டிக்கிட்டு நிக்கணும்.”

“அப்ப நீ ஏன் அண்டைக்கே சொல்லல்ல?”

“உங்கட பூட்டப் பத்தி வாய் திறந்து நான் எப்ப வெண்டிரிக்கேன்?”

றுமானா துணியைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள். “வாப்பா, எனக்கு எந்தப் பக்கம் பூட்டு இரிந்தாலும் ஒண்டுதான். ஆனா அவர் உம்மாட சொல்லுக்கு அங்கால போகமாட்டார். இந்தக் கலியாணம் நிண்டா நான் வேற ஒருத்தருக்குச் சம்மதிக்கப் போறதுமில்ல. அதையும் சேத்து யோசிங்க.”

மகள் குரலை உயர்த்தாமல் சொன்னாள். அசனார் அந்த நண்டைச் சாப்பிடவே இல்லை. கையைக் கழுவிவிட்டுப் பின் பக்கம் போய்ப் பூட்டைக் கழற்றினார். கடைப் பையில் போட்டுக்கொண்டு ஏறாவூர் பஸ் ஏறினார்.

நிஸ்மியாவின் வீட்டுப் பக்கத்துக் கொட்டிலில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. கட்டை அடிக்கும் சத்தத்துக்கு மேலால்தான் பேசவேண்டும். அவர் ஒரு கதிரையைத் தூசு தட்டிப் போட்டார்.

“வாங்க மச்சான். பேக்குல பாரம் தெரியிது. பூட்டும் வந்திரிக்கு போல.”

“நீங்க பாக்கட்டும் எண்டு கொண்டாந்தன் மச்சி.”

நிஸ்மியா பூட்டை வாங்கி உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார். நூல் கட்டை நிறுப்பதுபோல. திறப்பைப் போட்டுத் திருப்பினார். “சத்தம் நல்லாரிக்கு. இதுதான் உங்கட முதலாம் நம்பரா?”

“அது ஏறாவூர் வரைக்கும் தெரியுமா?”

“சம்பந்தம் பேசக்குள்ள ஆள விசாரிக்கிறதுதானே. நல்ல மனிசன், தொழுவார், கடன் கப்பி இல்ல, பூட்டு எண்டா மட்டும் விசர் பிடிச்சவர் எண்டாங்க.” பூட்டை மடியில் வைத்துக்கொண்டார். “சொல்லுங்க.”

அசனார் சொன்னார். கடலுக்குப் பார்த்த முன்பக்கம், ஹோலுக்குள்ளால் வரும் காற்று, பித்தளையில் பூக்கும் பச்சை, காற்றே இல்லாத பின்பக்கம். ஒன்றையும் விடவில்லை.

நிஸ்மியா கடைசிவரை கேட்டார். “மச்சான், நானும் யாவாரம் செய்றவ. தறிக்குப் பொய் நூல் கொண்டு வந்து குடுக்கிறவன் எத்தின பேரப் பாத்திரிக்கேன். உப்புக் காத்துக்குப் பயந்து மகள்ட வீட்டப் பூட்டி வெச்சன் எண்டு ஒரு வாப்பா சொல்லி நான் கேட்டதேயில்ல. வேற நல்ல பொய் ஒண்டு சொல்லுங்க, ஏத்துக்கிறன்.”

“பொய் சொல்றதெண்டா இதவிட நல்லதாச் சொல்ல எனக்குத் தெரியாதா மச்சி? கடை வெச்சிரிக்கேன்.”

அந்த நியாயம் நிஸ்மியாவைக் கொஞ்சம் அசைத்தது. தறிப் பெண்களில் ஒருத்தி காலை நிறுத்தி இந்தப் பக்கம் திரும்பினாள். “நீ உன்ட வேலயப் பாரு புள்ள” என்றதும் மறுபடி கட்டை அடித்தது.

“நானும் இப்பிடி ஒரு வீட்டுலதான் வாழ்ந்தவ,” என்றார் நிஸ்மியா. “இந்த வீடுதான். அந்தா, நடுக் கதவு. கொண்டி என்ட வாப்பாட பக்கம். கெட்டவரில்ல என்ட வாப்பா. மீன் வாங்கினா எங்களுக்குத்தான் முதல் பங்கு. ஆனா தட்டுற கையாலயே திறந்திருவார். மகன்ட வாப்பா மௌத்தாகும் மட்டும் இந்த வீட்டுக்குள்ள சட்ட இல்லாம ஒருநாள் இருந்ததில்ல. என்ன வெக்கை அடிச்சாலும் பொத்தான் போட்டுத்தான் இரிப்பார். ஒருநாள் கேட்டன், கழட்டினா என்ன எண்டு. ‘நான் இஞ்ச விருந்தாளி’ எண்டார். புள்ள பெத்த மறுகாவும் விருந்தாளி.”

அசனார் தன் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “எங்கட பின்பக்கத்துக்கு வேற வழியில்ல மச்சி. நீங்க அதப் பாத்திரிக்கமாட்டீங்க. அந்தக் கதவாலதான் நாங்க தெருவுக்கு வரணும். மகள்ட பக்கம் பூட்டுப் போட்டா, எங்க ரெண்டு பேரையும் உள்ள வெச்சுப் பூட்டின மாதிரி.”

“மதில் பக்கத்தால?”

“ஒட்டி.”

“பின்னால?”

“மாடி வீடு. காத்தான்குடியில நிலம் மேலதான் வளருது.”

நிஸ்மியா யோசித்தார். எதிரே இருப்பவர் உண்மையான இக்கட்டில் இருக்கிறார் என்று அந்த வியாபாரிக்குத் தெரிந்தது. “அப்ப ரெண்டு பக்கமும் கொண்டி போடுவம்.”

“ரெண்டு பக்கமும் போட்டா ஒருத்தர் கோவிச்சாலே திறக்காது. அது கதவில்ல மச்சி, செவரு.”

“பூட்டே இல்லாம விட்டா?”

அசனாரின் முகத்தைப் பார்த்து நிஸ்மியாவே கையை ஆட்டினார். “சரி சரி, சும்மா கேட்டன். எனக்கும் ஏலாது. பூட்டில்லாத கடைய நான் ஒரு நாளும் வாடகைக்கு எடுக்கமாட்டன்.” பூட்டை எடுத்து அவரிடம் நீட்டினார். “மகள்ட பக்கம் போடுங்க. என்ட மகன் ஒருநாள் அந்தக் கதவப் பூட்டி உங்களக் கரைச்சல் படுத்தினா, நேர எனக்கிட்ட வாங்க. நான் கேட்கிறன் அவன.”

“எப்பிடி மச்சி வாற? கதவு பூட்டியெல்லோ இரிக்கும்?”

அப்போதுதான் நிஸ்மியா சிரித்தார். தறிப் பெண்களும் சிரித்தார்கள். எல்லாத் தறியும் ஒருதரம் நின்று ஓடியது. சிரித்து முடிந்ததும் அவர் முகம் மாறியது.

“பயமா இரிக்கா மச்சான்?”

“இரிக்கு. இல்லயெண்டு சொன்னா பொய்.”

“அந்தப் பயத்த நீங்க என்ட மகனுக்கு வெச்சிரிந்தீங்க.”

“சத்தியமா இல்ல மச்சி. அந்தக் கொண்டிய அடிக்கக்குள்ள உங்கட மகன நான் நினைக்கவே இல்ல.”

“அதத்தான் நானும் சொல்றன்,” என்றார் நிஸ்மியா. எழுந்து உள்ளே போய் ஒரு பிளேன்ரீயும் சீனி முறுக்கும் கொண்டுவந்து வைத்தார். அதற்குமேல் பேரம் இருக்கவில்லை.

திரும்பும்போது அசனார் கல்லடிப் பாலத்துக்கு இங்கால் இறங்கி றோயின் வீட்டுக்குப் போனார். றோய் ஒரு கட்டில் காலுக்குச் சீவுளி போட்டுக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு வா. கொண்டிய அங்கால மாத்தணும்.”

றோய் சீவுளியை நிறுத்தவில்லை. “நான் அண்டைக்குக் கேட்டனான்.”

“கேட்டாய்.”

“ரெண்டுதரம் கேட்டனான்.”

“கேட்டாய்டா. வா.”

வீட்டில் அசனார் இதை ஜெமீலாவிடம் சொன்னார். நியாயம் என்று தெரிந்திருந்தும் ஜெமீலா கட்டிலில் இருந்தபடி கதவையே பார்த்தார். “அவசரத்துக்கு ஒரு நெஞ்சு வருத்தம் வந்தா?”

“தட்டுவம்.”

“கேக்காட்டி?”

“பலமாத் தட்டுவம்.”

“கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து இந்த வீட்டுத் திறப்பு என்ட இடுப்புல கிடந்த. இப்ப நான் தட்டணும்.” பிறகு தானே சொன்னார்: “என்ட உம்மாவும் திறப்ப எனக்குக் குடுத்துட்டுத் தட்டினவதான். அப்ப எனக்கு அது விளங்கல்ல.”

றோய் வந்து கொண்டியைக் கழற்றி முன் பக்கத்தில் அடித்தார். பின் பக்கத்துத் துளைகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, காய்ந்ததும் அரத்தாள் போட்டுத் தேய்த்தார். இருந்தும் நான்கு வெளிறிய புள்ளிகள் தெரிந்தன. அசனார் பூட்டைத் துடைத்தார். இரண்டு திறப்பையும் மகளின் கையில் வைத்தார்.

“ரெண்டும் குடுத்துட்டீங்களா காக்கா?” என்றார் றோய்.

“ரெண்டும்.”

“மூணாவது?”

“இல்லடா.”

“கேட்டன், அவ்வளவுதான். பூட்டுப் பிரியர் எண்டா சும்மாவா.”

“உன்ட வாய்க்கு ஒண்டு செய்யத்தான் ஆளத் தேடுறன்.”

நிஸ்மியா அடுத்த நாளே வந்து திரைச்சீலையை மாட்டினார். நடுக் கதவைத் திரும்பியும் பார்க்கவில்லை; முன்பே அறிந்துகொண்டுதான் வந்திருக்கிறார். சொன்ன நாளிலேயே நிக்காஹ் நடந்தது. சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி ஆறு ஆறு பேராக உட்கார்ந்து நெய்ச்சோறு சாப்பிட்டார்கள். இறைச்சி போதாமல் போகும் என்று அசனார் பயந்தார். போதும் போதும் என்று மிஞ்சியது. மஃரிபு தொழுகைக்குப் பின் மாப்பிள்ளை வீட்டுக்குள் வந்தார். றுமானா முன் வீட்டில் நின்றாள். அசனாரும் ஜெமீலாவும் நடுக் கதவைத் தாண்டிப் பின்னால் வந்தார்கள். கதவு அவர்களுக்குப் பின்னால் சாத்தப்பட்டது.

காலையில் அசனார் சுபஹ் தொழுகைக்குப் பள்ளிக்குப் போகவில்லை. அறையிலேயே பாயை விரித்துத் தொழுதார். ஜெமீலா கண்டும் காணாததுபோல இருந்தார். பிறகு புது மாப்பிள்ளைக்கென்று இடியப்பம் அவித்தார். தேங்காய்ப் பாலில் சொதி, முட்டைப் பொரியல், மாசிச் சம்பல், கோழிக் கறி. தட்டுகளை மூடிவைத்தார். திறந்து பார்த்தார், மறுபடி மூடினார்.

அசனார் கடைக்குப் போகும் சட்டையைப் போட்டுக்கொண்டு கதவுக்கு எதிரே கதிரையில் இருந்தார். காதைக் கூர்மையாக வைத்திருந்தார். திறப்பு திரும்பும் சத்தம் வரும் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பூட்டு அடக்கமாகத் திறக்காது. சத்தம் வரவில்லை. பக்கத்துக் கடைக்காரர் போன் எடுத்தார்: “அசனார் காக்கா, கடைக்கு ஆள் வந்து நிக்கிது.” “வாறன்” என்றார்.

“திறந்து பாருங்களன்,” என்றார் ஜெமீலா.

“புது மாப்பிள இரிக்கிற வீடு. கதவப் பிடிச்சு ஆட்டுற சத்தம் கேட்டா என்ன நினைப்பார்?”

“தட்டுங்களன் அப்ப.”

“முதல் நாளேயா?”

“இடியப்பம் காயிது மனிசா.”

“காயட்டும். பொறு.”

கதவில் ஒரு விரல் வைத்தாலே போதும். பூட்டியிருக்கிறதா இல்லையா என்று அந்த விரல் சொல்லிவிடும். அவர் விரலை வைக்கவில்லை. ஒருதரம் எழுந்தார். கதவைத் தாங்கும் பிணைச்சல் ஆணிகள் தன் பக்கம்தான் இருக்கின்றன என்பதைக் கண்டார். இரண்டு தட்டில் கதவையே கழற்றி எடுத்துவிடலாம். றோயும் இதைக் கவனித்திருப்பான், சொல்லாமல் விட்டது இதுதான் முதல் தடவை என்று நினைத்தார். போய் உட்கார்ந்துகொண்டார். வெயில் மாடி வீட்டின் தண்ணீர்த் தாங்கிக்கு மேலால் வந்து முற்றத்தில் விழுந்தது.

அப்போது கதவு திறந்தது. எந்தச் சத்தமும் இல்லாமல், காலால் தள்ளியதுபோலத் திறந்தது. றுமானா ஒரு வெறும் தட்டத்தோடு நின்றாள்.

“உம்மா, சாப்பாடு வருமா வராதா? நாங்க ரெண்டு பேரும் எவ்வளவு நேரமாப் பாத்துக்கிட்டு இரிக்கிறம். அவர் பசிக்கல்ல பசிக்கல்ல எண்டுறார். வயிறு கத்துறது எனக்குக் கேக்குது.”

ஜெமீலா வாயில் கையை வைத்தார்.

“பூட்டல்லயா?” என்றார் அசனார்.

“எத வாப்பா?”

“கதவ.”

“இல்லயே. ராவும் பூட்டல்ல. சாத்தினது மட்டும்தான்.” அவள் தகப்பனின் சட்டையைப் பார்த்தாள், கதிரையைப் பார்த்தாள். “நீங்க கடைக்குப் போகல்லயா? ஏன் வாப்பா, திறந்து பாத்திரிக்கலாமே?”

“இல்ல... அப்ப பூட்டு?”

“கேற்றில போட்டிரிக்கார். மோட்டச் சைக்கிள் வெளிய நிக்கிதெல்லோ. இவ்வளவு நல்ல பூட்ட வீட்டுக்குள்ள போட்டு ஆருக்குக் காட்டுற எண்டு கேட்டார்.”

கேற் கடலுக்கு நேராகப் பார்ப்பது. ஜெமீலா கணவனின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். அசனாரின் வாய் திறந்தது. பித்தளை, பச்சை, உப்பு, ஒவ்வொரு கிழமையும் துடைக்கவேண்டிய முறை, துடைக்கும் துணி எல்லாம் நாக்கு நுனிவரை வந்ததை ஜெமீலா கண்டார். அசனார் வாயை மூடிக்கொண்டார்.

“சரி,” என்றார். “அவர்ட பூட்டு.”

இடியப்பத் தட்டுகளை ஜெமீலா தட்டத்தில் அடுக்கினார். றுமானா கறிச் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கினாள். தாயும் மகளும் கதவைக் கடந்து முன்னால் போனார்கள். அசனார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பின்னால் வந்தார். கதவு நிலைக்கு வந்ததும் நின்றார். தரையும் சுவரும் ஓடும் அவரே புதுப்பித்துப் போட்டவை. ஹோலில் எந்தக் கல் தட்டினால் வெறுமையாகக் கேட்கும் என்பதுகூட அவருக்குத் தெரியும். ஒரு காலையும் உள்ளே வைக்காமல், அந்நிய வீட்டு வாசலில் நிற்பவர் குரல் கொடுப்பதுபோல, உரக்கச் சொன்னார்:

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

உள்ளே கதிரை ஒன்று அவசரமாக இழுபட்டது. றிஷாட் எழுந்து வந்தான். இந்த வீட்டில் ஒருவரை உள்ளே அழைக்கவேண்டியவன் தான்தான் என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது போல ஒரு கணம் விழித்தான்.

“வஅலைக்கும் ஸலாம்,” என்றான். “உள்ளுக்கு வாங்க மாமா.”

அசனார் உள்ளே போனார்.